பதினைந்தாவது பெயர்

ரத்தினசபாபதி மைக்கின் முன்னால் வந்து நின்றபோது மணி பத்தேகால். மார்ச் மாதத்து வேலூர் வெயிலுக்கு அதுவே நடுமத்தியானம்தான். ஷாமியானாவின் நிழல் விருந்தினர் நாற்காலிகளை மூடிவிட்டு மைக்குக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றுவிட்டது. பெரிய மனிதர்களை நிழலில் வைத்துவிட்டு வாத்தியாரை வெயிலில் நிறுத்துவது இந்த டவுன் ஹைஸ்கூலின் பழைய பழக்கம், அதற்காகக் கோபித்துக்கொண்டு பயனில்லை. கையில் சிவப்புத் துணி அட்டை போட்ட வருகைப் பதிவேடு. அதில் இருபது பெயர்கள். இருபதும் இங்கே படித்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்கள். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்பை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுப்பது போலவே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். பெயர், படித்து முடித்த வருஷம், இறந்த இடம், வயது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும். கூப்பிடுகிறவர் பேனாவால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஒரு டிரில் மாஸ்டர் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. அவரை மேடையில் பேசச் சொன்னார்களாம். எனக்குப் பேச வராது, அட்டென்டன்ஸ் எடுக்க வரும் என்றாராம். எடுத்தார். அவருக்குப் பின் நாலு பேர் எடுத்தார்கள். முப்பத்தொரு வருஷமாக ரத்தினசபாபதி எடுக்கிறார், ஓய்வு பெற்ற பிறகும். இன்றைக்குப் பதினைந்தாவது பெயர் வரும்போது, பதிவேட்டில் இருக்கும் வயதை விட்டுவிட்டு உண்மையான வயதைச் சொல்லிவிடுவது என்று காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே முடிவு செய்திருந்தார்.

ஒன்று. முனிரத்தினம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்று, மெசபடோமியா, வயது இருபத்திரண்டு. உள்ளேன் ஐயா. எழுபது பிள்ளைகளின் குரல் கட்டடத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் குதிரை லாயம், எட்டாம் வகுப்புச் சுவரில் குதிரை கட்டிய இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றில் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை மாட்டுகிறார்கள். நாலு வியாபாரிகள் சேர்ந்து லாயத்தை விலைக்கு வாங்கிப் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். குதிரைகள் போன பாதையிலேயே பிள்ளைகளும் போனார்கள் என்று நூற்றாண்டு மலரில் இவர் எழுதியிருந்தார், அப்போதைய தலைமையாசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார். அடித்தது சரிதான். வேலூர் ஜில்லாவில் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்தில், அதில் அழகாக எழுத என்ன இருக்கிறது. இரண்டு. அப்துல் வாஹித். உள்ளேன் ஐயா. பல்செட் லேசாக ஆடியது. இன்றைக்குப் பார்த்து ஆடுகிறது, சனியன். கீழ் வரிசையை நாக்கால் அழுத்திக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் முதல் யுத்தம், எல்லாம் மணல், கேட்டு அழுவதற்கு இந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கிடையாது. அதுவும் ஒரு நிம்மதி. அழ ஆள் இல்லாத பெயரைக் கூப்பிடுவது சுலபம், தொண்டை பாட்டுக்குக் கூப்பிடும், மனசு பாட்டுக்கு வேறெங்கோ போகும். மனசு முன்வரிசைக்குப் போனது. வேண்டாம் என்று இழுத்தார். போனது போனதுதான். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது பிளாஸ்டிக் நாற்காலியில் பச்சையம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மஞ்சள் துணிப்பை. பையில் அவித்த மல்லாட்டை இருக்கும். வருஷா வருஷம் நிகழ்ச்சி முடிந்ததும் அவள் எழுந்து வந்து, 'நல்லா படிச்சீங்க சார்' என்று கும்பிட்டு அந்தப் பையைக் கொடுப்பாள். அவர் வாங்கிக்கொண்டு போய் கேட்டில் வாட்ச்மேன் லோகுவிடம் கொடுத்துவிடுவார். லோகுவும் இப்போதெல்லாம் கையை முன்கூட்டியே நீட்டி வைத்துக்கொள்கிறான். மகனைச் சாகக் கொடுத்தவள் கொடுக்கிற கடலையை, சாவுக்கு வழி செய்து கொடுத்தவன் எப்படித் தின்பது. ஒரு வருஷம் ஒன்றை உரித்து வாயில் போட்டுப் பார்த்தார். இறங்கவில்லை. துப்பினார்.

ஆறு. டி. வரதராஜுலு, சிங்கப்பூர், வயது தெரியவில்லை. உள்ளேன் ஐயா. வயது தெரியவில்லை. என்ன சுகமான வார்த்தை. இந்த ஊரில் யாருக்குத்தான் அப்போது வயது தெரிந்தது. பிள்ளையைச் சேர்க்க வருகிற அப்பனிடம் பிறந்த தேதி கேட்டால் முழிப்பான். அந்தப் பெருமழைக்கு அடுத்த வருஷம் என்பான், மூத்தவளுக்கு அம்மை போட்டப்போ இவன் கைக்குழந்தை என்பான். வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. தேதி? ஜூன் ஒன்று. எல்லோருக்கும் ஜூன் ஒன்று. சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திருப்பினால் நாற்பது பிள்ளைகளில் முப்பத்தைந்து பேர் ஜூன் முதல் தேதி பிறந்திருப்பார்கள், ஊரிலே அன்றைக்கு மட்டும் மருத்துவச்சிகளுக்கு மூச்சு விட நேரம் இருந்திருக்காது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுத்தர் கோபால் நாயுடு சிரித்துக்கொண்டே சொன்னார்: 'அய்யா, பெத்தவங்க குடுக்கிறது உசிரு, நாம குடுக்கிறது தேதி.' அப்படிப் பழகிய கை இது. பிறந்தநாள் என்பது வாத்தியார் போடுகிற ஒரு கோடு என்று பழகிய கை. ஏழு. எட்டு. எட்டாவது யார், கூப்பிட்டேனா? கூப்பிட்டிருக்கிறது, டிக் இருக்கிறது. பர்மா, வயது இருபது. உள்ளேன் ஐயா என்ற சத்தம் காதில் இன்னும் இருக்கிறது. வியர்வை மூக்குக்கண்ணாடிக்குள் இறங்கி எரிந்தது. தலைமையாசிரியை ஷாஹிதா பேகம் பக்கத்தில் வந்து மெதுவாக, 'சார், தண்ணி வேணுமா?' என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினார். நல்ல பெண். இவரிடமே சரித்திரம் படித்தவள். நேற்று அவள்தான் சொன்னாள்: 'சார், இந்தப் பேருங்க வெட்டின பழைய பளிங்குக் கல்லு விரிஞ்சுபோச்சு. புதுசா கிரானைட்ல வெட்டுறோம். திங்கட்கிழமை ஆளு வர்றாரு. நாளைக்கு நீங்க படிக்கிறதை ரெக்கார்டு பண்ணி, அதை வெச்சே சரிபார்த்துக் குடுத்துடறேன். அடுத்த வருஷத்துலேருந்து உங்களுக்கும் சிரமம் வேண்டாம், அந்த ரெக்கார்டையே போட்டுடலாம்.' சிரமம் வேண்டாம். எவ்வளவு மரியாதையாக ஒருத்தனை அனுப்பி வைக்கலாம் என்பதை இவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆக இன்றைக்கு வாயிலிருந்து எது வருகிறதோ அதுதான் கல்லில் ஏறும். பளிங்கிலாவது எழுத்து தேயும். கிரானைட்டில் தேயாது. இவர் சொன்ன பொய் இவருக்குப் பின்னும் நூறு வருஷம் அங்கே நிற்கும், மழை பெய்தால் கழுவிப் பளிச்சென்று காட்டும்.

ஒன்பது. பத்து. பச்சையம்மாளின் மகன் அருணகிரிக்கு மட்டும் நிஜத் தேதி இருந்தது. அந்தப் பக்கத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் அம்மா துல்லியமாகச் சொன்னாள். இடுப்பில் ஒன்று, கையில் இவன், எண்ணெய் வழிகிற தலை, காதைத் தொடச் சொன்னதும் இரண்டு காதையும் தொட்டுக் காட்டிச் சிரித்த பயல். 'தீபத்தன்னிக்கி சாயங்காலம் சார். திருவண்ணாமலைல தீபம் ஏத்திட்டாங்கன்னு ஜனங்க கும்பிட்டுக்கினு இருக்கசொல்லோ பொறந்தான். எழுவத்தொண்ணு. அந்த வாரந்தான் சண்டைன்னு ரேடியோல சொன்னாங்க.' பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து டிசம்பர் என்று எழுதினார். ஜூன் ஒன்றுகளுக்கு நடுவில் ஒரு டிசம்பர், பார்க்கவே அழகாக இருந்தது. அந்தப் பக்கத்தில் தான் எழுதிய ஒரே உண்மை என்று பெருமையாகக்கூட இருந்தது. அதையா போய். பதினொன்று. கோதண்டபாணி, நேபா எல்லை, அறுபத்திரண்டு சீனச் சண்டை, வயது இருபத்தாறு. உள்ளேன் ஐயா. கோதண்டபாணியின் தம்பி மகன் இரண்டாவது வரிசையில் இருக்கிறார், வருஷம் தவறாமல் வருகிறார், பெயர் வந்ததும் எழுந்து நின்று உட்காருகிறார். எண்பத்தேழு ஜூன் மாதம் தலைமையாசிரியர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். ரத்தினசபாபதி பொறுப்பு. பெரிய நாற்காலி, மணி அடித்தால் ஆள் வரும், மேசையில் பச்சை மசி. மூன்று வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் முதுகே நிமிர்ந்துவிட்டது. கோட்டை மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பச்சையம்மாள் வந்தாள். பின்னால் அருணகிரி, பத்தாம் வகுப்பு தவறியவன், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அவள் புருஷன் போய் ஆறு மாதம். 'சார், புள்ள நல்லா ஒசரமா கீறான். எட்த்துக்குவாங்கன்றாங்க. வயசுதான் பத்தல. ரெண்டு வயசு ஏத்திப் போட்டு டீசி குட்த்தீங்கன்னா எங்க குடும்பமே உங்களக் கும்புடும்.' முடியாது என்றார். முதலில் முடியாது என்றுதான் சொன்னார், அது சத்தியம். அப்போது அந்தப் பயல் வாயைத் திறந்தான். 'சார், ஓடிக் காமிக்கட்டுமா?'

ஓடினான். கேட்காமலே ஓடினான். இதே மைதானம், ஜூன் மாத வெயில், செருப்பில்லாத கால். மூன்று சுற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் ஜன்னலைத் தாண்டும்போது இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு, பால்குடி மாறாத சிரிப்பு, உயரத்துக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? பன்னிரண்டு. உள்ளேன் ஐயா. பீரோவிலிருந்து பதிவேட்டை எடுத்தார், பாதி பிளேடு எடுத்தார். எழுத்தர்கள் செய்கிற மாதிரியே மெதுவாகச் சுரண்டினார், டிசம்பர் தூளாகிப் போனது, ஊதினார், நகத்தால் தேய்த்தார். அறுபத்தொன்பது, ஜூன் ஒன்று. எழுதும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: 'ஊர்ல எல்லாரும் ஜூன் ஒண்ணாந்தேதிதான் பொறக்குறாங்க, இவனும் பொறந்துட்டுப் போகட்டுமே.' சிரித்தார். பச்சையம்மாளும் சிரித்தாள், கையை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டே. அந்தத் தமாஷை அவர் அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார், குளிக்கும்போது, பஸ்ஸில், மனைவி மரகதத்தின் பாடையைத் தூக்கும்போதுகூட. அவரே சொல்லுவார், அவரே கேட்பார். பதினைந்தரை வயதுப் பையன் பதினெட்டு வயதாகிக் கதவைத் தாண்டிப் போனான். தலை நிலையில் இடித்தது. பதிமூன்று, டாக்கா போகும் வழியில், வயது இருபத்துமூன்று. உள்ளேன் ஐயா. அந்தப் பக்கத்தில் அந்த இடம் மட்டும் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்றைக்குக் கடைசியாக அதைத்தான் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். காகிதம் மெலிந்து போய், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து எழுத்து தெரிகிறது.

பனி. வேலூர்க்காரனுக்குப் பனி என்றால் மார்கழி மாதம் சைக்கிள் சீட்டில் இருக்கிற ஈரம். மலையளவு பனி சரிந்தது என்று தந்தி வந்தது, எண்பத்தொன்பது மார்ச். பதினோரு நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். பள்ளிக்கு அரைநாள் விடுமுறை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், இவரும் நின்றார், வெயிலில் பெட்டியின் தகரம் மினுங்கியது, உள்ளே இருப்பவன் குளிரில் இருப்பான் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம், பெட்டியை நிழலுக்குத் தள்ளாதீர்கள் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. என்றைக்குக் கத்தினார் இன்றைக்குக் கத்த. பதினேழு வயது. மற்ற பதினேழு வயதுகள் எல்லாம் பிளஸ் டூ பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த மாதம் அது. பளிங்குக் கல்லில் வயது பத்தொன்பது என்று வெட்டினார்கள், பதிவேட்டைப் பார்த்து. பதிவேட்டை எடுத்துக் கொடுத்தவரும் இவரே. பிறகு ஏன் சொல்லவில்லை? பயம். சொன்னால் அந்த அம்மாவுக்கு வருகிற பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். பென்ஷன் போய்விடும் என்று அவளுக்காகப் பயந்ததாகத்தான் பல வருஷம் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பயத்துக்குள் தன்னுடைய வேலை, தன்னுடைய பெயர், பெரிய நாற்காலி எல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது தெரியாமல் இல்லை. மரகதத்திடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 'அந்தம்மாவுக்குத் தெரியுமா?' என்று கேட்டாள். அவள் கேட்டுத்தானே செய்தேன் என்றார். 'இல்ல, இப்போ. இப்போ அவங்களுக்கு அது ஞாபகத்துல இருக்கான்னு கேக்குறேன்.' இருக்காது என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவள், வாத்தியார் எழுதியதையே இத்தனை வருஷத்தில் நம்பியிருப்பாள், இல்லாவிட்டால் வருஷா வருஷம் எனக்குக் கடலை கொண்டு வருவாளா என்றார். மரகதம் கீரையிலிருந்து ஒரு புழுவை எடுத்துத் தூர எறிந்தாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. மகள் புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். இதையெல்லாம் மாத்திரைக்கு நடுவில் எப்படிச் சொல்வது. இந்த ஊரில் இவரிடம் 'என்ன யோசிக்கிறீங்க' என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. ஆகையால் இன்றைக்கு, மைக்கில், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவை. தண்டனை தரட்டும். யாராவது ஒருத்தர் எழுந்து, பாவி, என்று சொல்லட்டும். தனியாக இதைச் சுமந்தது போதும்.

பதினான்கு. உள்ளேன் ஐயா. டிக் போட்டார். பேனா விரலில் வழுக்கியது. ஷாமியானாவின் ஓரம் காற்றில் அடித்துக்கொண்டது, எங்கோ ஐஸ் வண்டி மணி, ஒரு பிள்ளை தும்மியது. பதினைந்து என்றார். தன் குரல் ஒலிபெருக்கியில் ஒரு கணம் தாமதமாக வேறு யாருடையதோ போல வந்தது. கே. அருணகிரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. பனிமலை. இங்கே நின்றது. பல்செட்டை நாக்கு தள்ளியது. மூன்றாவது நாற்காலியைப் பார்க்காதே, பார்க்காதே. பார்த்தார். பச்சையம்மாள் பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பரீட்சை முடிவு கேட்க வந்தவள் மாதிரி. சொல்லிவிடு. வயது, என்றார். வயது பதினேழு.

பிள்ளைகள் உள்ளேன் ஐயா சொல்ல மூச்செடுத்தார்கள். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, சத்தமாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை, கடையில் மறந்து வைத்த குடையைச் சொல்கிற மாதிரி. 'பத்தொம்போது சார்.' பச்சையம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. 'பத்தொம்போது. நீங்க எய்தினதுதான்.' யாரோ அடக்கமாகச் சிரித்தார்கள். கோதண்டபாணியின் தம்பி மகன் உச்சுக் கொட்டினார், பாவம், வயசாயிடுச்சு. ஷாஹிதா பேகம் தோளருகே குனிந்து, 'சார், பத்தொன்பதுன்னு இருக்கு பாருங்க. வெயில்ல எழுத்து தெரியலையா? நான் படிக்கட்டுமா?' என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பச்சையம்மாள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டல், மிகச் சின்னது, மூன்று கஜம் தள்ளியிருந்தால் தெரிந்திருக்காது. அவள் கண்ணில் இருந்தது நன்றியும் இல்லை, மறதியும் இல்லை. பயம். அப்பட்டமான பயம், முப்பத்தைந்து வருஷமாக அவர் கண்ணாடியில் பார்த்துச் சலித்த அதே பயம். அடக் கடவுளே. மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. தீபத்தன்று சாயங்காலம் பெற்றவளுக்கா வயது மறக்கும்? இவள் வருஷா வருஷம் வந்தது இவரைக் கும்பிட இல்லை. சரியாகப் படிக்கிறாரா என்று பார்க்க வந்தாள். பதினைந்தாவது பெயர் தாண்டும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, தாண்டியதும் உயிர் வந்து, நல்லா படிச்சீங்க சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பத்தொன்பது என்றால் வயது வந்த ஆண்பிள்ளை, தானாகப் போனவன். பதினேழு என்றால் அம்மா அனுப்பிய குழந்தை. அந்த இரண்டு வருஷத்தின் மேல்தான் அவள் இத்தனை காலம் சோறு தின்று தூங்கி எழுந்திருக்கிறாள். அதையும் சுரண்டிவிட்டு இவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்ளப் பார்த்தார். ஒருத்தி வாசலிலேயே நின்றிருக்கிறாள், தனியாக இருக்கிறேன், தனியாக இருக்கிறேன் என்று இவர் உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

'மன்னிக்கணும்,' என்றார் மைக்கில். 'வயது பத்தொன்பது.' உள்ளேன் ஐயா என்றது வகுப்பு. இந்தத் தடவை கொஞ்சம் உரக்கவே சொன்னார்கள், தடுமாறிய கிழவருக்குத் தைரியம் சொல்கிற மாதிரி. டிக் போட்டார். பச்சையம்மாள் உட்கார்ந்தாள். பதினாறு, இம்மானுவேல், என்று ஆரம்பித்து இருபது வரைக்கும் ஒரு பிசகும் இல்லாமல் கூப்பிட்டு முடித்தார்.

தேசியகீதம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவள் வந்தாள். பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அவள் விடவில்லை. 'அடுத்த வருசமும் நீங்களே படிங்க சார்,' என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. 'வேற யாராச்சும் படிச்சா தப்பா படிச்சிடுவாங்க.' இனிமேல் ரெக்கார்டு போடப் போகிறார்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. சரிம்மா என்றார். அவள் கும்பிட்டுவிட்டு வெயிலில் இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். அவர் கேட்டுக்கு வந்தபோது லோகு வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ரத்தினசபாபதி அவனைக் கவனிக்காதவர் போலத் தாண்டி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டில் நடந்தார். கடலை இன்னும் சூடாக இருந்தது.